வித்தியாசம் இல்லை என்று சொன்ன ஆய்வுகள் எங்கே போயின?

1967-இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலச் சிறைத்துறை ஒரு சிறிய சோதனை செய்தது. குற்ற வழக்குகளில் சிக்கியிருந்த சிறுவர்கள் 60 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதியைச் சீர்திருத்தச் சிறைக்குக் கூட்டிப்போய்ச் சுற்றிக் காட்டினார்கள். தப்பு செய்தால் எங்கே வந்து சேர வேண்டியிருக்கும் என்பதைக் கண்ணால் பார்த்தால் திருந்துவார்கள் என்பது எண்ணம். மறு பாதியை அப்படியே விட்டுவிட்டார்கள். ஆறு மாதம் கழித்துக் கணக்கெடுத்தபோது, எங்கும் போகாத பையன்களில் 17 விழுக்காட்டினர் மறுபடி நீதிமன்றத்துக்கு வந்திருந்தார்கள். சிறையைப் பார்த்துவிட்டு வந்தவர்களில் 43 விழுக்காட்டினர்.

திருத்துவதற்காகச் செய்த காரியம் கெடுத்திருக்கிறது போலத் தெரிகிறது. எந்தத் துறையாக இருந்தாலும் இதைக் கண்டதும் பதறியிருக்க வேண்டும். ஆனால் அந்த அறிக்கையே தன் முடிவைப் பற்றி அதிகம் பேசவில்லை. அது எந்த ஆய்விதழுக்கும் போகவில்லை. துறையின் உள் ஆவணமாக எழுதப்பட்டது, அப்படியே இருந்துவிட்டது.

பதினோரு ஆண்டுகள் கழித்து அதே யோசனை அமெரிக்கா முழுவதும் வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தது.

நியூ ஜெர்சியில் ராவே என்ற ஊரில் ஒரு மாநிலச் சிறை. அங்கே ஆயுள் தண்டனை அனுபவித்தவர்கள் 1976-இல் ஒரு குழு அமைத்தார்கள். வழிதவறும் பையன்களை உள்ளே வரவழைத்து, முகத்துக்கு நேராகக் கத்தி, மிரட்டி, சிறைக்குள் என்னென்ன கொடுமை நடக்கும் என்று விவரித்துப் பயமுறுத்துவார்கள். இதை 1978-இல் ஆர்னால்ட் ஷபீரோ 'ஸ்கேர்ட் ஸ்ட்ரெயிட்' என்ற ஆவணப்படமாக எடுத்தார். 'கொலம்போ' துப்பறியும் தொடரின் நாயகன் பீட்டர் ஃபால்க் அதில் பின்னணிக் குரல் கொடுத்துத் தோன்றினார். படம் ஆஸ்கர் விருது வாங்கியது. வந்துபோன பையன்களில் நூற்றுக்கு எண்பது தொண்ணூறு பேர் திருந்திவிடுகிறார்கள் என்று சொல்லப்பட்டது. மாநிலம் மாநிலமாக இதைப் பார்த்துத் தாங்களும் தொடங்கினார்கள்.

மக்கள் ஏன் இதை உடனே நம்பினார்கள் என்பது எனக்கு நன்றாகவே புரிகிறது. அடியாத மாடு படியாது என்று சொல்லி வளர்ந்த ஊர் நம்முடையது. பயம் இருந்தால் ஒழுங்கு வரும் என்பது பெற்றோர், ஆசிரியர், காவலர் எல்லோருக்கும் அடிமனத்தில் ஊறிய நம்பிக்கை. அதிலும் இந்தத் திட்டத்துக்குச் செலவு குறைவு. கைதிகள் தாமாக முன்வந்து செய்கிறார்கள். படத்தில் பையன் அழுகிறான். கண்ணீரைப் பார்த்தபின் புள்ளிவிவரம் கேட்க யாருக்கும் தோன்றாது.

கேட்ட ஒருவர் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் ஃபின்கெனவர். ராவேக்குப் போன 46 பேரையும் போகாத 35 பேரையும் ஒப்பிட்டார். போனவர்களில் 41 விழுக்காட்டினர் புதிதாகக் குற்றம் செய்திருந்தார்கள்; போகாதவர்களில் 11 விழுக்காட்டினர். எண்ணிக்கை சிறியது, குலுக்கலிலும் இடறல்கள் இருந்தன, அதனால் இதை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது. ஆனால் கலிஃபோர்னியாவின் சான் குவென்டின் சிறையில் நடந்த இதே மாதிரித் திட்டத்தை ஆராய்ந்தபோது, ஓராண்டுக்குள் மறுபடி கைதானவர்கள் போனவர்களில் 81 விழுக்காடு, போகாதவர்களில் 67 விழுக்காடு.

இந்த சான் குவென்டின் கணக்கில் கொஞ்சம் நிற்க வேண்டும். 108 பையன்களை வைத்துச் செய்த ஆய்வு அது. வழக்கமான புள்ளியியல் அளவுகோலில் வைத்துப் பார்த்தால் 81-க்கும் 67-க்கும் இடையிலான இடைவெளி தற்செயலாகவும் வந்திருக்கலாம். அதாவது ஆய்விதழ் மொழியில், 'குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை'. இப்படிப்பட்ட ஆய்வை எழுதி முடித்தவருக்கு என்ன தோன்றும்? ஒன்றும் கிடைக்கவில்லை, அடுத்த வேலையைப் பார்ப்போம் என்றுதான்.

ஆன்டனி பெட்ரோசினோவும் அவரது கூட்டாளிகளும் பின்னால் அப்படிச் சிதறிக்கிடந்தவற்றைத் தேடிச் சேர்த்தார்கள். 1967 முதல் 1992 வரை எட்டு மாநிலங்களில் நடந்த ஒன்பது குலுக்கல் சோதனைகள் அகப்பட்டன. சில அரசு அறிக்கைகள், ஒன்று முனைவர் பட்ட ஆய்வேடு, சில ஆய்விதழ்க் கட்டுரைகள். கணக்கில் சேர்க்க முடிந்த ஏழு சோதனைகளை ஒன்றாக்கிப் பார்த்தபோது முடிவு தெளிவாக இருந்தது. சிறைக்குக் கூட்டிப்போகப்பட்ட பையன்கள் மறுபடி குற்றம் செய்வதற்கான வாய்ப்பு விகிதம், சும்மா விடப்பட்ட பையன்களுடையதைப் போல ஏறத்தாழ 1.7 மடங்கு. ஒன்றும் செய்யாமல் இருந்திருந்தாலே அந்தப் பிள்ளைகளுக்கு நல்லதாக இருந்திருக்கும்.

நான் இந்தப் பதிவை எழுதுவதே இதற்காகத்தான். தனித்தனியாகப் பார்த்தால் 'ஒன்றும் இல்லை' என்று ஒதுக்கத் தோன்றும் சிறிய ஆய்வுகளுக்குள்ளே, சேர்த்துப் பார்த்தால் ஒரு தீங்கின் தடயம் இருக்கலாம். அவற்றில் பாதியை மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டிவிட்டால் அந்தத் தடயம் யாருக்கும் தெரியவராது. வெற்றி என்று சொன்ன ஆய்வுகள் மட்டும் வெளியே நிற்கும். அவற்றை நம்பி ஓர் அமைச்சர் கையெழுத்துப் போடுவார்.

கையெழுத்துப் போட்டும் இருக்கிறார்கள். முதல் தொகுப்பாய்வு வந்தபின், 2003-இல், இலினாய் மாநிலத்தில் சிகாகோ பள்ளிகள் சிக்கலில் இருக்கும் மாணவர்களை அடையாளம் கண்டு சிறைக்குக் கூட்டிப்போக வேண்டும் என்று சட்டமே வந்தது. 2011-இல் ஏ அண்டு ஈ தொலைக்காட்சி இதே யோசனையைத் தொடர் நிகழ்ச்சியாக்கியது. அப்போது அமெரிக்க நீதித்துறையின் உயர் அதிகாரிகள் இருவர் பால்டிமோர் சன் நாளிதழில் இது பயனற்றது, ஆபத்தானது என்று எழுத வேண்டியிருந்தது. மிச்சிகன் சோதனைக்கும் அந்தக் கட்டுரைக்கும் இடையே 44 ஆண்டுகள்.

சரி, ஏன் இப்படி நடக்கிறது? ஆய்விதழ் ஆசிரியர்களைத் திட்டுவது சுலபம். 1959-லேயே தியடோர் ஸ்டெர்லிங் நான்கு உளவியல் இதழ்களை எண்ணிப் பார்த்து, புள்ளியியல் சோதனை செய்த கட்டுரைகளில் 97 விழுக்காடு 'வித்தியாசம் உண்டு' என்ற முடிவோடு வந்திருப்பதைக் காட்டினார். நிஜ உலகில் நம் ஊகங்கள் நூற்றுக்கு 97 சரியாக இருப்பதில்லை. மீதி எங்கேயோ தங்கிவிட்டது. 1979-இல் ராபர்ட் ரோசென்தல் இதற்குக் கோப்பு இழுப்பறைச் சிக்கல் என்றே பெயர் வைத்தார்.

ஆனால் 2014-இல் 'சயின்ஸ்' இதழில் ஃபிராங்கோ, மல்ஹோத்ரா, சிமனோவிட்ஸ் மூவரும் வெளியிட்ட ஆய்வு குற்றவாளியை வேறிடத்தில் காட்டியது. ஒரே நிதித்திட்டத்தில் நடந்த 221 சமூக அறிவியல் சோதனைகளை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றும் என்ன ஆனது என்று தேடினார்கள். வலுவான முடிவு வந்தவை அச்சேறுவதற்கு வாய்ப்பு 40 விழுக்காட்டுப் புள்ளிகள் கூடுதல். அதைவிட முக்கியமானது, கட்டுரையாக எழுதப்படுவதற்கே வாய்ப்பு 60 புள்ளிகள் கூடுதல். அதாவது வித்தியாசம் வராத ஆய்வுகளில் பெரும்பாலானவற்றை யாரும் நிராகரிக்கவில்லை. செய்தவரே எழுதவில்லை. இதழ் போடாது என்று முன்கூட்டியே முடிவு செய்து, தன் கையாலேயே மூடி வைத்துவிடுகிறார். வேலை நிரந்தரம் ஆகாத இளம் ஆய்வாளரை நினைத்துப் பாருங்கள். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவரை அப்படி யோசிக்க வைத்த ஏற்பாட்டின் மேல் வருகிறது.

இதன் கணிதம் எளிது. ஒன்றுக்கும் உதவாத ஒரு திட்டத்தை இருபது ஊர்களில் சோதிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். நூற்றுக்கு ஐந்து என்ற வழக்கமான அளவுகோல்படி, சராசரியாக ஓர் ஊரில் தற்செயலாக வித்தியாசம் தெரியும். அது நல்ல திசையில் விழுந்தால் கட்டுரையாகும், செய்தியாகும். மற்றப் பத்தொன்பது ஊர்களைப் பற்றி யாரும் கேள்விப்பட மாட்டார்கள். இதில் யாரும் பொய் சொல்லவில்லை.

குற்றவியலில் இது மற்றத் துறைகளைவிடக் கூடுதலாகக் கடிக்கும் என்று நினைக்கிறேன். காவல்துறையும் சிறைத்துறையும் கதவைத் திறந்தால்தான் தரவு கிடைக்கும். அடுத்த ஆய்வுக்கும் அதே கதவைத்தான் தட்ட வேண்டும். அதோடு குற்றம் என்பதை அளக்க ஒரு வழி அல்ல, பல வழிகள். கைது, தண்டனை, காவல்துறைக்கு வந்த அழைப்பு, பையன் தானே சொன்னது. ஆறு மாதத்தில், ஓராண்டில், ஈராண்டில். இத்தனையில் ஏதாவது ஒன்று சாதகமாக வராமலா போகும்? அதை மட்டும் முன்னால் வைத்து எழுதினால் ஆய்வு வெற்றி. பல நேரம் திட்டத்தை உருவாக்கியவரே அதை மதிப்பிடவும் செய்கிறார். அப்படிப்பட்ட மதிப்பீடுகளில் பலன் பெரிதாகவும், வெளியாள் செய்தால் சிறிதாகவும் வருவதைப் பலர் கவனித்திருக்கிறார்கள். மானுவல் ஐஸ்னர் 2009-இல் இதைப் பற்றி ஒரு கூர்மையான கட்டுரை எழுதினார். திட்டத்தின் மேல் உள்ள பாசம் கணக்கில் கலந்துவிடுகிறதா என்று நேரடியாகக் கேட்டார்.

டி.ஏ.ஆர்.இ. என்ற பெயரை நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். 1983-இல் லாஸ் ஏஞ்சலிஸில் தொடங்கியது. சீருடை போட்ட காவலர் வகுப்பறைக்கு வந்து போதைப்பொருள் வேண்டாம் என்று பாடம் நடத்துவார். அமெரிக்கப் பள்ளி மாவட்டங்களில் பெரும்பாலானவற்றில் நடந்தது. அதைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து, போதைப் பழக்கத்தில் இதனால் குறிப்பிடும்படி மாற்றம் இல்லை என்று ஓர் ஆய்வு நிறுவனம் கண்டபோது, அதற்கு நிதி கொடுத்த தேசிய நீதி நிறுவனம் வெளியிட மறுத்துவிட்டது. அமெரிக்கப் பொதுச் சுகாதார இதழ் 1994-இல் வெளியிட்டது. அந்த இதழ் இல்லாதிருந்தால் அதுவும் இழுப்பறைக்குத்தான் போயிருக்கும்.

இவை எல்லாவற்றையும்விட என்னைப் பாதித்தது கேம்பிரிட்ஜ்-சாமர்வில் ஆய்வு. ரிச்சர்ட் கிளார்க் கேபட் என்ற ஹார்வர்ட் மருத்துவர் 1930-களில் மாசசூசெட்ஸில் தொடங்கியது. ஏழைக் குடியிருப்புகளிலிருந்து 506 சிறுவர்கள். ஒத்த வயது, ஒத்த குடும்பச் சூழல் உள்ளவர்களை இரண்டிரண்டு பேராக ஜோடி சேர்த்து, நாணயம் சுண்டி, ஒருவனுக்கு உதவி, மற்றவனுக்கு இல்லை என்று தீர்மானித்தார்கள். உதவி என்றால் பெயருக்கு அல்ல. ஒரு வழிகாட்டி மாதம் இரண்டு முறை போல வீட்டுக்கே வருவார். படிப்பில் கைகொடுப்பார், மருத்துவரிடம் கூட்டிப்போவார், கோடை முகாமுக்கு அனுப்புவார். சராசரியாக ஐந்து ஆண்டுகள் இது நடந்தது. ஒரு பையனைக் காப்பாற்ற வேறென்ன செய்ய முடியும் என்று கேட்கும் அளவுக்குச் செய்தார்கள்.

1951-இல் வந்த அறிக்கை, குற்றம் செய்வதில் இரு தரப்புக்கும் வித்தியாசம் இல்லை என்றது. திட்டம் முடிந்து முப்பது ஆண்டுகள் கழித்து ஜோன் மக்கார்ட் அந்தப் பையன்களை, அப்போது நடுவயது ஆண்களை, ஒவ்வொருவராகத் தேடிப் பிடித்தார். 1978-இல் வெளியிட்டார். உதவி பெற்றவர்களில் மூன்றில் இரண்டு பங்குப் பேர், அந்தத் திட்டம் தங்களுக்கு நன்மை செய்தது என்று சொன்னார்கள். அன்போடு நினைவுகூர்ந்தார்கள். ஆனால் ஆவணங்களைப் புரட்டினால் கதை வேறு. குடிநோய், கடுமையான மனநோய், இளவயது மரணம் என்று பல அளவுகளில் உதவி பெற்றவர்களின் நிலைதான் மோசம். கோடை முகாமுக்குத் திரும்பத் திரும்பப் போனவர்களிடம் தீங்கு அதிகம் தெரிந்தது என்று மக்கார்ட் பின்னால் காட்டினார். சேட்டைக்காரர்களை ஓரிடத்தில் சேர்த்தால் ஒருவரை ஒருவர் கெடுத்துக்கொள்வார்கள் என்பது அவருடைய விளக்கங்களில் ஒன்று.

இதை முதல்முறை படித்தபோது எனக்கு நெஞ்சு கனத்தது. நல்ல மனத்தோடு, பணத்தைக் கொட்டி, வருஷக்கணக்காக உழைத்த மனிதர்கள் அவர்கள். பயனடைந்தவர்களே நன்றி சொல்கிறார்கள். அந்த நன்றியை மட்டும் சேகரித்து ஓர் அறிக்கை எழுதியிருந்தால் உலகம் முழுக்க இதைப் பின்பற்றியிருக்கும். ஒப்பிட்டுப் பார்க்க நாணயத்தின் மறுபக்கத்துப் பையன்கள் இருந்ததால்தான் உண்மை வெளியே வந்தது. இன்னொரு செய்தியும் சொல்ல வேண்டும். 2019-இல் பிராண்டன் வெல்ஷும் குழுவினரும் அதே ஆண்களின் முழு ஆயுளையும் கணக்கெடுத்து, இரு தரப்பின் இறப்பு விகிதத்தில் வித்தியாசம் இல்லை என்று வெளியிட்டார்கள். இதுவும் ஒரு 'வித்தியாசம் இல்லை' முடிவுதான். மக்கார்டின் பயங்கரமான கண்டுபிடிப்பில் ஒரு பகுதியை அது தணித்தது. அச்சேறியதால்தான் இன்று என்னால் அந்தப் பகுதியை அடக்கி எழுத முடிகிறது.

எதிர்மறை முடிவு எப்போதும் அமுக்கப்படுகிறது என்று நினைத்துவிட வேண்டாம். ஆட்சியில் இருப்பவர்களுக்குத் தேவைப்பட்டால் அது தாரை தப்பட்டையோடு வரும். சிறையில் கைதிகளைத் திருத்தும் முயற்சிகள் பற்றிய 231 ஆய்வுகளை ராபர்ட் மார்ட்டின்சன் கூட்டாளிகளோடு அலசினார். நியூயார்க் மாநிலம்தான் அந்த வேலையைக் கொடுத்தது, அதுவே வெளியிட விடாமல் தடுத்தது. ஒரு வழக்கில் நீதிமன்றம் கேட்டதால் வெளியே வந்தது. 1974-இல் மார்ட்டின்சன் எழுதிய கட்டுரையிலிருந்து அரசியல்வாதிகள் எடுத்துக்கொண்டது ஒன்றே ஒன்று: எதுவும் பலிக்காது. அப்படியானால் கைதிக்குப் படிப்பு எதற்கு, தொழிற்பயிற்சி எதற்கு, உள்ளே போட்டுப் பூட்டு. வலதுசாரி, இடதுசாரி இரண்டு தரப்புக்கும் அவரவர் காரணத்துக்காக இது வசதியாக இருந்தது. ஐந்து ஆண்டுகள் கழித்து, 1979-இல், சில திட்டங்கள் பலன் தருகின்றன என்று மார்ட்டின்சனே ஒரு சட்ட இதழில் திருத்தி எழுதினார். அதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஆகவே என் கவலை வெற்றி, தோல்வி பற்றியது அல்ல. கையில் இருக்கும் எல்லா முடிவுகளும் மேசைமேல் வர வேண்டும் என்பதுதான்.

வித்தியாசம் தெரியவில்லை என்பதும் வித்தியாசம் கிடையாது என்பதும் ஒன்றல்ல என்பதையும் மறக்கக் கூடாது. கான்சஸ் நகரில் 1972-73-இல் காவல் வண்டிகளின் ரோந்தைக் கூட்டியும் குறைத்தும் பார்த்தார்கள். குற்றத்தில் மாற்றம் தெரியவில்லை. புகழ்பெற்ற முடிவு. ஆனால் அது 15 ரோந்துப் பகுதிகளில் மட்டும் நடந்த சோதனை. அவ்வளவு சிறிய எண்ணிக்கையில் ஓரளவு மாற்றம் இருந்தாலும் கண்ணுக்குப் படாமல் போகலாம் என்று பின்னால் வந்தவர்கள் சுட்டிக்காட்டினார்கள். அது அச்சாகி ஊரறிய இருந்ததால்தான் இந்த விவாதமே சாத்தியமாயிற்று. அதிலிருந்துதான் குற்றம் குவியும் இடங்களில் மட்டும் ரோந்தைக் குவிக்கும் அடுத்த தலைமுறைச் சோதனைகள் பிறந்தன.

இப்போது கொஞ்சம் நம்பிக்கை தரும் கதை. கலிஃபோர்னியாவில் ரியால்ட்டோ என்ற சிறிய நகரில் 2012-இல் காவலர்களின் உடலில் கேமரா மாட்டிச் சோதித்தார்கள். மொத்தம் 54 காவலர்கள். பலப்பிரயோகம் பாதிக்கு மேல் குறைந்தது, பொதுமக்களின் புகார் ஏறத்தாழ 90 விழுக்காடு குறைந்தது என்று முடிவு வந்தது. ஆய்வை எழுதியவர்களில் ஒருவர் அந்த நகரின் காவல்துறைத் தலைவரே. 2014-இல் ஃபெர்குசனில் மைக்கேல் பிரவுன் என்ற இளைஞர் காவலரால் சுட்டுக்கொல்லப்பட்டபின், நாடே கொதித்துக்கொண்டிருந்த நேரத்தில், எல்லோரும் ரியால்ட்டோவைக் காட்டினார்கள். 50,000 கேமராக்கள் வாங்க 75 மில்லியன் டாலர் ஒதுக்க ஒபாமா அரசு முன்வந்தது.

தலைநகர் வாஷிங்டன் வேறு மாதிரிச் செய்தது. நகர நிர்வாகத்தின் ஆய்வுக்குழுவான 'தி லேப் அட் டிசி'யும் காவல்துறையும் சேர்ந்து 2,224 காவலர்களைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். முடிவு தெரிவதற்கு முன்பே, எதை அளப்போம், எப்படிக் கணக்கிடுவோம் என்று ஒரு திட்டத்தை எழுதிப் பொதுவெளியில் வைத்துவிட்டார்கள். பிறகு மனம் மாறி வேறோர் அளவுகோலைத் தூக்கிக் காட்ட வழியில்லை. 2017 அக்டோபரில் முடிவு வந்தது: பலப்பிரயோகத்திலும் புகார்களிலும் கண்டறியக்கூடிய வித்தியாசம் இல்லை. காவல்துறைத் தலைவர் பீட்டர் நியூஷம் தனக்கு இது வியப்பாக இருக்கிறது என்று வெளிப்படையாகச் சொன்னார். ஆய்விதழ் ஏற்குமா என்று காத்திருக்காமல் முழு அறிக்கையையும் உடனே மக்கள் முன் வைத்தார்கள். 2019-இல் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகத்தின் இதழில் அது கட்டுரையாகவும் வந்தது.

சில ஆய்விதழ்கள் இதற்கும் ஒரு படி மேலே போகின்றன. தரவு திரட்டுவதற்கு முன்பே ஆய்வுத் திட்டத்தைப் பரிசீலித்து, முறை சரியாக இருந்தால் முடிவு எப்படி வந்தாலும் வெளியிடுவோம் என்று வாக்குக் கொடுக்கின்றன. குற்றவியலில் இன்னும் இது பரவலாகவில்லை. பரவ வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். நான் முன்னால் சொன்ன இளம் ஆய்வாளருக்கு, இழுப்பறையைத் திறக்கும் தைரியத்தைத் தருவது அறிவுரை அல்ல, இந்த வாக்குறுதிதான்.

வாஷிங்டனில் கேமராக்களைக் கழற்றிவிடவில்லை. வழக்கில் சாட்சியமாக, புகார் விசாரணையில் ஆதாரமாக அந்தக் காட்சிகள் உதவும் என்ற வாதங்கள் இருக்கின்றன. அவற்றைத் தனியாகச் சோதித்துப் பார்க்கலாம். ஆனால் கேமரா மாட்டினால் அடிதடி பாதியாகும் என்ற ஒன்றை மட்டும் நம்பிப் பணம் ஒதுக்கப்போகும் எந்த நகரத்தின் முன்னாலும், ரியால்ட்டோவின் 54 பேருக்குப் பக்கத்தில் வாஷிங்டனின் 2,224 பேரும் இப்போது நிற்கிறார்கள்.